மேலவீதியில் நின்ற மாப்பிள்ளை வண்டி

பழைய இரும்பு வாங்கி விற்கிற கண்ணாயிரத்தின் கடைக்குப் பின்னால், ஒரு கிழிந்த பாய்க்குக் கீழே அந்த வண்டி கிடந்தது. பாயைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஒரு கோழி கத்திக்கொண்டு ஓடியது. பின் சீட்டில் முட்டை. முன் சீட்டில் ஸ்பிரிங் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விளக்கு இரண்டையும் எவனோ பிடுங்கிப் போயிருந்தான். இருந்தாலும் எனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கில் தினம் காலையில் துடைத்த வண்டி. நான் டிரைவராக இருந்த சிதம்பரம் நடனசபாபதி முதலாளியின் பேபி ஆஸ்டின் கார்.

"ராசி கெட்ட வண்டி, சக்கரபாணி," என்றான் கண்ணாயிரம். "எவளோ மீன்காரி காலை நசுக்கின வண்டியாம். வூட்டுல வெக்க மாட்டேன்னு மொதலாளி தள்ளி வுட்டாரு. வெட்டி வாளி பண்ணலாம்னு போட்டு வெச்சிருக்கேன்."

"வெட்டாத. எனக்குக் குடு."

"உனக்கு எதுக்கு? லைசென்சும் கெடையாது, பெட்ரோலும் கெடையாது."

"கோழி வளக்கப் போறேன்."

அவன் சிரித்தான். சிரிக்கட்டும். அவனிடம் உண்மையைச் சொன்னால் கடலூர் பழைய டவுனுக்கே தெரிந்துவிடும். எங்கள் வீட்டுச் செப்பு அண்டாவைக் கொடுத்து வண்டியை வாங்கினேன். உலகச் சண்டை நடக்கிற காலம், செம்பு கிடைக்காத காலம். கண்ணாயிரம் பல்லைக் காட்டிக்கொண்டே கொடுத்தான். மாட்டு வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி, திருப்பாப்புலியூரில் என் வீட்டுக் கொல்லைக்கு இழுத்து வந்தேன். மங்கம்மா, என் பெண்சாதி, அண்டாவுக்காகப் பேசிய பேச்சை நான் எழுதப் போவதில்லை.

என் பெண் சௌந்தரம் கொல்லையில் இறங்கினாள். வண்டியைச் சுற்றி வந்தாள். பம்பரில் அடிபட்ட பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுதானாப்பா அது?"

"இதுதான்."

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம். முதலாளிக்குக் கார் ஓட்டிப் பார்க்க ஆசை. கடலூரிலிருந்து திரும்பும்போது என்னைப் பக்கத்தில் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவரே ஸ்டீரிங்கைப் பிடித்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் எதிரே ஒரு பெண்பிள்ளை மீன் கூடையோடு ஓரமாகத்தான் வந்தாள். பொன்னி என்று பெயர். பிரேக் என்று நினைத்து வேறு எதையோ மிதித்தார். அவள் கூடையோடு குப்புற விழுந்தாள், வலது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. யார் ஓட்டினது என்று விழுந்தவள் பார்க்கவில்லை. ரோட்டில் வேறு ஆள் இல்லை.

போலீஸ் வருவதற்குள் முதலாளி நான் இருந்த பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஓட்டினான் என்றார். நான் கத்தினேன். கோர்ட்டிலும் கத்தினேன். டிரைவர் வைத்திருக்கிறவர் தானே ஓட்டுவாரா என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். லைசென்சைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் கேப்பர் மலை ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

நான் உள்ளே இருக்கும்போது சௌந்தரத்தின் மாமனார் பெண்ணாடத்திலிருந்து அவளைக் கூட்டிவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டார். ஜெயிலுக்குப் போனவன் மகள் சமைத்ததை அவர் சாப்பிட மாட்டாராம். "உங்கப்பன் ஓட்டலைன்னா, ஓட்டினவன் வாயால அது வரட்டும். அப்புறம் கூட்டிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் புருஷன் பூவராகன் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தானாம். வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவும் அவனுக்குத் தைரியம் இல்லை, இவளைக் கூட்டிப்போகவும் தைரியம் இல்லை. கரும்பு போட்டுக்கொண்டு இருந்தான்.

ஆக, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நடனசபாபதி தன் வாயால் சொல்ல வேண்டும். பூவராகன் காதில் அது விழ வேண்டும். ஜெயிலிலிருந்து வந்ததும் முதலாளி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். நாயை அவிழ்த்துவிடச் சொன்னார். கேட்டால் சொல்லுகிற ஆள் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவருக்குப் பாலாம்பாள் என்று ஒரே பெண். அவளுக்கு ஒரு நாள் கல்யாணம் நடக்கும். சிதம்பரத்தில் அந்த மாதிரிப் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால், முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து நாலு வீதியும் சுற்றி அழைத்து வர வேண்டும். ஆலத்தி சுற்றித் தேங்காய் உடைத்து மாப்பிள்ளை ஏறிவிட்டால், பெண் வீட்டு வாசல் வரைக்கும் அவர் கால் மண்ணில் படக்கூடாது. பட்டால் கல்யாணமே விளங்காது என்பார்கள். அது உண்மையோ பொய்யோ. அவர்கள் நம்புகிறார்கள், எனக்கு அது போதும். பெட்ரோல் இல்லாமல் பெரிய கார்கள் எல்லாம் செங்கல் மேல் ஏறி நின்றன. கரி வாயுவில் ஓடுகிற திறந்த கார் ஒன்று இருந்தால், அதைத் தேடித்தான் வர வேண்டும்.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டேன். தினம் காலையில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டுவேன். அசையாது. ஒரு நாள் ஆட்டும்போது உள்ளே 'கிடுக்' என்று ஒரு சத்தம், எஞ்சின் இளகிவிட்டது. அன்றைக்கு மங்கம்மா பாயசம் வைத்தாள், ஆனால் எனக்காக இல்லை, வெள்ளிக்கிழமை என்று சொன்னாள்.

வால்வைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை சௌந்தரத்துக்கு. மத்துக் கடைகிற மாதிரி குச்சியை உள்ளங்கையில் வைத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்ட வேண்டும். என் கைக்குப் பொறுமை கிடையாது. அவள் பகல் முழுக்க உட்கார்ந்து உருட்டினாள்.

"யார் கழுத்தைடீ நெனச்சுக்கிட்டு திருகுறே?" என்றாள் மங்கம்மா.

"மாமனார்து" என்றாள் இவள், தலையைத் தூக்காமல்.

வண்டி உடம்பின் மரச் சட்டம் முழுக்கக் கரையான். தட்டினால் மாவாகக் கொட்டியது. பூவரச மரம் வாங்கி நானே இழைத்துப் புதிதாகப் போட்டேன். கூரையை ரம்பத்தால் அறுத்து எடுத்தேன். சீட்டுக்குத் தேங்காய் நார். டயர் எங்கேயும் கிடைக்கவில்லை. தேய்ந்த இடத்தில் லாரி டயர்த் துண்டை உள்ளே வைத்துத் தைத்தேன். ஓடும்போது தட்தட்டென்று அடிக்கும், அடிக்கட்டும்.

மங்கம்மாவின் தம்பி தேவநாதன் பட்டறை வைத்திருக்கிறான். எண்ணெய் டிரம்மை அறுத்து, கரி போட்டு எரிக்கிற உலை பண்ணிக் கொடுத்தான். அதைப் பின்னால் மாட்டினோம். புகையை வடிகட்ட ஒரு பெட்டி, அதற்குள்ளும் தேங்காய் நார்தான், மேலே என் பழைய வேட்டி. அங்கேயிருந்து வாயு குழாய் வழியாக எஞ்சினுக்கு வரும். கிளப்புவதற்கு முன்னால் ஒரு விசிறியைக் கையால் சுற்றி நெருப்பை மூட்ட வேண்டும். சௌந்தரம்தான் சுற்றுவாள்.

"மச்சான், இந்தச் சின்ன எஞ்சின் கரியில இழுக்குமா?" என்றான் தேவநாதன்.

"ரேசா போறோம்? நாலு வீதி சுத்தினா போதும்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அப்போதுதான் முதலாளி வீட்டுக் கல்யாணத் திட்டத்தை அவனிடம் சொன்னேன். சுத்தியலை எடுத்துத் துடைத்தான். "எனக்கு லைசென்ஸ் இருக்கு, எம்பேர்ல ஓட்டிக்கலாம்" என்றான்.

பெயிண்ட் கிடைக்கவில்லை. படகுக்கு அடிக்கிற நீலம் மீன்காரர்களிடம் இருக்கும் என்றார்கள். நான் நேரே பொன்னி வீட்டுக்குப் போனேன். அவள் கோலை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எந்த வண்டிக்கு?" என்றாள்.

"உன்னை அடிச்ச வண்டிக்குத்தான்."

"நீ ஓட்டலைன்னு நீ சொல்றே. எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம். ஓட்டினவனைச் சொல்ல வெக்கறதுக்குத்தான் பெயிண்ட்டு கேக்குறேன்."

"சொன்னா என் காலு மொளைச்சிடுமா?" என்றாள். பிறகு உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "பாதி இருக்குது. சொன்னானான்னு வந்து சொல்லிட்டுப் போ."

வண்டி தயாரானதும் தேவநாதன் ஓட்டினான். குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணம், பண்ருட்டியில் இரண்டு. நீலக் கார் என்று பேர் பரவியது. ஒவ்வொரு தடவையும் நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன். என் பேர் எங்கேயும் அடிபடக்கூடாது.

தை மாசம் முதலாளியின் கணக்குப்பிள்ளை கனகசபேசன் தேவநாதனைத் தேடி வந்தார். பாலாம்பாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பண்ருட்டி முந்திரி வியாபாரி பொன்னம்பலத்தின் மகன். திறந்த கார் இல்லாமல் ஊர்வலம் வராது என்று சம்பந்தி ஒற்றைக் காலில் நிற்கிறாராம். தேவநாதன் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஒத்துக்கொண்டான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவனையே பெண்ணாடத்துக்கு அனுப்பினேன். "பூவராகனை இழுத்துக்கிட்டு வா. அவங்கப்பன் கேட்ட வார்த்தையைக் கேக்க வரச் சொல்லு" என்றேன். பூவராகன் வந்தான். அவன் அப்பன் வரவில்லை.

சிதம்பரம் கீழவீதிப் பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டார்கள். ஆலத்தி ஆயிற்று, தேங்காய் உடைந்தது. மாப்பிள்ளை பின் சீட்டில் ஏறினார். தேவநாதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் தலைப்பாகையை இறக்கிக் கட்டிக்கொண்டு கூட்டத்திலிருந்து வந்தேன். அவன் இறங்கினான், நான் ஏறினேன். லைசென்ஸ் இல்லாமல்தான். நாதஸ்வரம் முன்னால் போகிற வண்டியை எந்தப் போலீஸ்காரன் நிறுத்துவான்?

முதலாளி சரிகை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக வண்டிக்கு முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கீழவீதி, தெற்கு வீதி நன்றாகவே ஓட்டினேன். வீட்டு மாடிகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "முதுகு சுடுதுங்க" என்றார் மாப்பிள்ளை, உலை அவருக்குப் பின்னால்தானே இருந்தது. ஈரச் சாக்கைச் சொருகிக்கொள்ளச் சொன்னேன்.

மேலவீதிக்கு நடுவில் வந்ததும் வாயுக் குழாயை மூடினேன். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"இன்னாப்பா ஆச்சு?" என்று முதலாளி வந்தார்.

தலைப்பாகையை மேலே தள்ளினேன். "கும்புடுறேன் மொதலாளி. வண்டி அடையாளம் தெரியுதா? உங்க வண்டிதான்."

அவர் என்னைப் பார்த்தார், பம்பரைப் பார்த்தார். முகம் சாம்பலாகப் போயிற்று. பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காமல், "எவ்வளவு வேணும்?" என்றார்.

"காசு வேணாம். அன்னைக்கு யாரு ஓட்டினது? அதை இங்க சத்தமாச் சொல்லுங்க. வண்டி கிளம்பும்."

"மாட்டேன்."

"அப்ப வண்டியும் மாட்டேங்குது."

"எறங்குடா கீழே!"

"எறங்குறேன். சக்கரத்தைப் பூட்டிட்டு எறங்குவேன். மாப்பிள்ளையைத் தோள்ல தூக்கிட்டுப் போங்க."

சம்பந்தி பொன்னம்பலம் பின்னாலிருந்து கத்தினார். "என்ன சம்பந்தி, நடு வீதியில எம்மவனை உக்கார வெச்சு வேடிக்கை காட்டுறீங்களா? தள்ளச் சொல்லுங்க!"

நாலைந்து பையன்கள் ஓடிவந்து கை வைத்தார்கள். நான் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். ஒரு அங்குலம் நகரவில்லை. "சக்கரம் புடிச்சிருக்கு" என்றான் ஒருவன். "மொதலாளி," என்றேன் மெதுவாக, "உங்க கை பட்டாத்தான் போவும். மத்தவன் கை வெச்சா நிக்கும். இல்லைன்னா அந்த ஒரு வார்த்தை."

சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் போனார். பையன்களை விலக்கினார். கையை வைத்தார். உலை சூடு, ஓரமாகத்தான் பிடிக்க முடியும். நான் காலைத் தளர்த்தினேன். வண்டி நகர்ந்தது.

வீதி முழுக்கச் சிரிப்பு.

"வண்டிக்கு மொதலாளி கைதான் புடிச்சிருக்குடோய்!"

"மாப்பிள்ளைய விட மாமனாருக்குத்தான் ஆசை ஜாஸ்தி!"

"தேருக்கு வடம் புடிக்க வராதவரு, காரைத் தள்ளுறாரு பாரு!"

கொஞ்ச தூரம் போனதும் லேசாகப் பிரேக்கைத் தொடுவேன். அவருக்கு மூச்சு வாங்கும். "சொல்றீங்களா?" என்பேன். இன்னும் அழுத்தித் தள்ளுவார். மறுபடி விடுவேன், மறுபடி தொடுவேன். சரிகை வேட்டி முழுக்கக் கரி. என்னை ஜெயிலில் கல் உடைக்க விட்டார்கள், அப்போது எனக்கும் இதே மூச்சுதான் வாங்கியது. நாதஸ்வரக்காரர்களுக்குக் கொண்டாட்டம், விடாமல் வாசித்தார்கள். தேவநாதன் பூவராகனின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒட்டியே நடந்தான்.

வடக்கு வீதி திரும்பும் மூலையில் ஒரு சின்ன மேடு இருக்கிறது. அங்கே நன்றாகவே மிதித்தேன். முதலாளி தோளைக் கொடுத்து முட்டினார். நகரவில்லை. இன்னொரு தடவை முட்டினார். அதே சமயம் நாதஸ்வரக்காரர் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை மாற்ற நிறுத்தினார். வீதியே அமைதியாக இருந்த அந்த நேரத்தில் முதலாளி கத்தினார்:

"நான்தான்டா ஓட்டினேன்! அந்த மீன்காரி மேல ஏத்தினது நான்தான்! போதுமா? பிரேக்குலேருந்து காலை எடுடா, திருட்டு நாயே!"

தவில்காரர் குச்சியைக் கையில் பிடித்தபடியே நின்றார். நான் பூவராகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

"காதுல வுழுந்துதா, மாப்பிள்ளே?" என்றேன்.

தலையை ஆட்டினான்.

சம்பந்தி முன்னால் வந்தார். கல்யாணத்தை நிறுத்தப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "ஒரு மீன்காரி காலுதானே? அந்தக் கதையெல்லாம் இப்ப இன்னாத்துக்கு? ஆலத்தி காத்துக்கிட்டு இருக்கு. தள்ளுங்க சம்பந்தி, தள்ளுங்க."

எனக்கு அப்போதுதான் நிஜமாகக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் நான் சுமந்த வார்த்தையை அந்த ஆள் முந்திரித் தோல் மாதிரி ஊதித் தள்ளினார். பிரேக்கிலிருந்து காலை எடுத்திருப்பேன். எடுக்கவில்லை.

"மேடு ஜாஸ்தி," என்றேன். "ஒரு சம்பந்தி போதாது. நீங்களும் கை வெக்கணும்."

"நானா?"

"இல்லேன்னா உங்க மவன் நடந்துதான் போவணும்."

மாப்பிள்ளை எழுந்திருக்கப் பார்த்தார். பின்னாலிருந்த கிழவிகள் எல்லாம் 'ஐயையோ' என்று கூச்சல் போட்டு அவரை உட்கார வைத்தார்கள். பொன்னம்பலமும் பின்னால் போனார். இரண்டு பெரிய மனுஷர்களும் தோளோடு தோள் சேர்த்துத் தள்ளினார்கள். பெண் வீட்டு வாசல் வரைக்கும் நான் காலை முழுசாக எடுக்கவே இல்லை.

மறுநாள் பொன்னி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சம்பந்தி சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னேன். கத்தும்போது குரல் எப்படி இருந்தது என்று மட்டும் அவள் கேட்டாள். கத்திக் காட்டினேன். இன்னொரு தடவை கத்தச் சொன்னாள்.

போலீஸ் வரும் என்று மங்கம்மா பயந்தாள். வரவில்லை. வந்தால் முதலாளி வடக்கு வீதி மூலையில் என்ன கத்தினார் என்று எழுத வேண்டிவரும். அதை அவர் விடுவாரா?

அந்த வாரமே பூவராகன் பெண்ணாடத்திலிருந்து வந்தான். தலையில் எண்ணெய் தடவி வழவழவென்று சீவியிருந்தான். சௌந்தரம் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"கிளம்பு சௌந்தரம். அப்பா கூட்டிக்கிட்டு வரச் சொல்லிட்டாரு."

"எங்கப்பன் மேல தப்பில்லைன்னு இப்ப தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. என் காதாலேயே கேட்டேன்."

"நானும் எங்கப்பனும் சொன்னப்ப உன் காது எங்க இருந்துச்சு?" கோடரியைக் கட்டையில் குத்தி நிறுத்தினாள். "என்னை எங்க வாசல்ல எறக்கி வுட்டது உங்கப்பன். அவரே வரட்டும். இதே வாசல்ல நின்னு கூப்பிடட்டும். வரேன்."

மங்கம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்படியே உன் புத்தி. இதுக்குத்தானா என் அண்டாவைக் குடுத்தே?"

எனக்கு வேண்டிய வார்த்தை வந்துவிட்டது. பெண் போகவில்லை. இரண்டும் உண்மைதான். போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பூவராகனின் அப்பன் இன்னும் வரவில்லை. மாசி போய்ப் பங்குனியும் பாதி போயிற்று. பூவராகன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறான், கையில் ஒரு பானை வெல்லத்தோடு. சௌந்தரம் பானையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். அவன் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு ரயிலைப் பிடிக்கப் போகிறான்.

போன தடவை கதவைச் சாத்துவதற்கு முன்னால், "உங்கப்பா எப்ப வராரு?" என்று கேட்டாள்.

"சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். அவருக்கு மானம் போவுதாம்."

"போவட்டும்" என்றாள்.

வெல்லம் நல்ல வெல்லம். கல் இல்லை.